கப்பலூருக்குப் போன தலையணை

பஹ்ரைனில் வேலை பார்க்கும் தம்பி கிறிஸ்துராஜ், ஆனிமேரி டீச்சருக்கு ஒரு தலையணை அனுப்பியிருந்தான். ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை, லீவில் வந்த அவனுடைய கூட்டாளி ஒருவர் திருநகருக்கு வந்து வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு, காபியைப் பாதி குடித்து மீதியை வைத்துவிட்டுப் போனார்.

வெளிநாட்டுப் பார்சல் என்றால் அதைப் பிரிக்கும் உரிமை தனக்குத்தான் என்பது டீச்சரின் கணவர் லூர்துராஜின் எண்ணம். யார் பெயருக்கு வந்தது என்பதெல்லாம் அவருக்குச் சின்ன விஷயம். பிளேடால் கயிற்றை அறுத்தார். அட்டையைக் கிழித்தார். உள்ளே வாட்ச் இல்லை, டேப்ரிக்கார்டர் இல்லை, ஒரு சென்ட் பாட்டில்கூட இல்லை. நீல நிறத்தில், அமுக்கினால் கொழகொழவென்று உள்ளே நகரும் தட்டையான தலையணை ஒன்று இருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குத்தான் ஒந்தம்பி கடல் தாண்டிப் போனானாக்கும்? தலகாணி அனுப்புறான் பாரு, தலகாணி. ஏன், இங்க எலவம்பஞ்சுக்குப் பஞ்சமா?"

இந்த மனுசனுக்குப் பதில் சொல்லி வாயை வீணாக்குவதை ஆனிமேரி கல்யாணமான மூன்றாம் வருடமே விட்டுவிட்டாள். தரையில் கிடந்த அட்டையை எடுத்து, அதில் இங்கிலீஷில் இருந்ததைப் படித்தாள். கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு எடுத்தால் அரை மணி நேரம் சூடு நிற்குமாம். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால் அரை மணி நேரம் குளிர் நிற்குமாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படி மாற்றி மாற்றிச் செய்யலாமாம். கூடவே தம்பியின் கடிதம். 'அக்கா, இதை விரித்து அதன்மேல் தோளை வைத்துப் படுத்தால் போதும். ஒத்தடம் கொடுக்க ஆள் தேட வேண்டாம்.' அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள்.

எட்டு மாதமாக அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் வெறும் வலி. பிறகு கை இறுகத் தொடங்கியது. முழங்கைக்குக் கீழே எல்லாம் வேலை செய்யும். சாதம் கிளறலாம், பாத்திரம் கழுவலாம். கையைத் தோளுக்கு மேலே தூக்கத்தான் முடியாது. தலைவாரப் பக்கத்து வீட்டு சோலையம்மாளிடம் போய் உட்கார்ந்தாள். கோவிலில் சிலுவை போடக் கை நெற்றிக்குப் போகாததால், நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தாள். பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கவனித்துவிட்டார்கள். ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில், கஞ்சி போட்ட வேட்டியோடு உட்கார்ந்திருந்த லூர்துராஜ் சாமியாரை மட்டுமே கவனித்தார்.

அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். போர்டில் ஜாக்கெட் வரைந்து காட்ட வேண்டும், துணியை உதறி விரித்து வெட்டிக் காட்ட வேண்டும். எட்டு மாதமும் நெட்டையாக இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு வரையச் சொல்லி ஒப்பேற்றினாள். பரீட்சை முடிந்து லீவு விடும் அன்று ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனுஷிதான், சொல்வதற்கே சங்கடப்பட்டார். "ஜூன்ல கை சரியாகலேன்னா, தையலுக்கு வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும் டீச்சர். ஒங்கள ஹாஸ்டல் ஸ்டோர்ல போடுறேன்." இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள், இனிமேல் அரிசி மூட்டையை எண்ண வேண்டும். ஆனிமேரி சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு, வகுப்பறைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

டாக்டர் சொன்னது இதுதான். காலையில் இருபது நிமிடம் சூடு, பிறகு கைப்பயிற்சி, சாயங்காலம் இருபது நிமிடம் குளிர். விடாமல் ஒரு மாதம் செய்தால் கை வரும். விட்டால் இப்படியே இறுகிப்போகும். சூட்டுக்கு அவள் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். ஆனால் வலி இருந்த இடம் தோளுக்குப் பின்னால். இடது கையை எப்படி வளைத்தாலும் அங்கே எட்டவில்லை. ஒரே மகன் திருச்சியில் படிக்கிறான். வீட்டில் இருந்த இன்னொரு ஜோடிக் கையை ஒருமுறை கேட்டும் பார்த்தாள். "ஏங்க, இத ஒரு நிமிசம் பின்னால பிடிங்களேன்." லூர்துராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பொம்பள வேலையெல்லாம் எனக்குப் பழக்கமில்ல" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தலையணையைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, துண்டைச் சுற்றி, பாயில் விரித்து, அதன்மேல் தோளை வைத்துப் படுத்தாள். சூடு நேராகப் பின்பக்கத்துக்குப் போனது. யாரும் பிடிக்க வேண்டியதில்லை, யாரையும் கேட்க வேண்டியதில்லை. எழுந்து சுவரில் விரலை வைத்து மேலே நகர்த்திப் பார்த்தாள். நேற்றைவிட அரை விரற்கடை கூடுதலாகப் போனது. பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டு வைத்தாள்.

குளிருக்குத்தான் வழியில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அந்தத் தெருவிலேயே கிடையாது.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்த லூர்துராஜ், சட்டையைக்கூடக் கழற்றாமல், "அந்தத் தலகாணி எங்க?" என்று கேட்டார். குரலில் தேன் வடிந்தது. அந்தக் குரலை ஆனிமேரி அடிக்கடி கேட்டிருக்கிறாள். அது அவளோடு பேசும் குரல் அல்ல, முதலாளியோடு பேசும் குரல்.

லூர்துராஜ் கப்பலூரில் காசிமாயனின் பிளாஸ்டிக் குடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். காசிமாயன் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கிணறு வெட்டி, லாரி விட்டு, கடைசியில் குடம் வார்க்க வந்தவர். லூர்துராஜைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் லூர்துராஜ் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் தும்மினால் இவர் கர்ச்சீப் தேடுவார். அண்ணன் சிரித்தால் எதற்கென்று தெரியாமலே இவரும் சிரிப்பார். பழைய மேனேஜர் ஜூனோடு நின்றுகொள்ளப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்து இந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. படித்தவர், பைபிள் வாசிப்பவர், பெரிய வியாழனன்று கோவிலில் பன்னிரண்டு சீடர்களில் ஒருவராக உட்கார்ந்து சாமியாரிடம் கால் கழுவிக்கொள்பவர். அந்தக் காலைக்கூட வீட்டிலேயே மூன்று தரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு போவார், சாமியார் தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க வேண்டுமாம்.

"ஐஸ்ல வைக்கணும்னு சொன்னேல்ல? அண்ணன் வீட்டுல பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கு. கேட்டேன், கொண்டான்னுட்டாரு. நாளைக்குக் கொண்டு போயி ஜில்லுன்னு ஆக்கி, சாயங்காலம் கொண்டாந்துருவேன்."

இருபத்து நாலு வருடத்தில் அவளுடைய வலியைப் பற்றி அவர் தானாகப் பேசியது இதுதான் முதல் தடவை. ஆனிமேரிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. கப்பலூரிலிருந்து வருவதற்குள் குளிரெல்லாம் போய்விடாதா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் ஒரு நப்பாசை. டப்பாவில் உமியைப் போட்டு நடுவில் வைத்துக் கொண்டுவந்தால் நிற்கும் என்று அவளே வழியும் சொல்லிக்கொடுத்து, தலையணையைத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தாள். தன் முட்டாள்தனத்தை நினைத்துப் பின்னால் அவள் பலமுறை தலையில் அடித்துக்கொண்டாள், அதுவும் இடது கையால்தான்.

செவ்வாய்க்கிழமை தலையணை வரவில்லை. "ஐஸ் இன்னும் ஏறல" என்றார். புதன்கிழமை, கப்பலூரில் கரண்ட் இல்லை என்றார். வியாழக்கிழமை, புதுச் சாமானாம், முதல் தடவை குளிர் ஏறுவதற்கு நாலைந்து நாளாகுமாம், அண்ணனே சொன்னாராம். ஒரு டீச்சரிடம், அதுவும் அட்டையைப் படித்தவளிடம், இப்படிப் பொய் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அல்லது எதிரே இருப்பவளை மனுஷியாகவே மதிக்காத மனசு வேண்டும். லூர்துராஜிடம் தைரியம் கிடையாது.

"குளிரே வேணாம். காலையில சூடாவது வச்சுக்கிறேன். கொண்டாந்து குடுங்க."

"கொண்டாருவேன்ல. பறக்காத."

தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வரத் தொடங்கினார். வரும்போது வாயில் ஏலக்காய் மணத்தது. இங்கே சாப்பிட உட்கார்ந்தால் பாதி வயிறுதான் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானத்துக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிறார்களாம். ஆனிமேரி திரும்பவும் உப்பை வறுத்தாள். சுவரில் விரலை நகர்த்திப் பார்த்தாள். பென்சில் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழேயே விரல் நின்றுவிட்டது. பயிற்சி செய்யாமல் இல்லை. சூடு படாத தோள் அசையவே மறுத்தது. காலண்டரைப் பார்த்தாள். மே ஆறு. பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம், தலைவாரிவிட்ட சோலையம்மாள்தான் வாயைத் திறந்தாள். அவள் புருஷன் அதே கப்பலூர் தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை பார்த்தான்.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிராதீங்க. காசிமாயன் மொதலாளிக்கு இடுப்புப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாரமாப் படுத்துருக்காராம்ல? ஒங்க வீட்டுக்காரரு தினம் அங்கதான் இருக்காராம். கம்பெனியே பேசுதாம்."

ஆனிமேரி பின்னல் முடிந்ததும் எழுந்தாள். புடவையைக்கூட மாற்றவில்லை. மெயின் ரோட்டுக்கு நடந்து, திருமங்கலம் பஸ்ஸில் ஏறி, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கப்பலூர் வந்து இறங்கினாள்.

காசிமாயனின் வீடு ரோட்டோரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்து நின்றது. வாசலில் முதலாளியம்மா ஒச்சம்மாள், முறத்தில் மிளகாய் வற்றலைக் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறக்க டீச்சர் இடது கையால் தடுமாறுவதைப் பார்த்து, தானே எழுந்து வந்து திறந்துவிட்டாள்.

"அட, ஆனிமேரி டீச்சரா! வாங்க வாங்க. எம்மக ரெண்டு வருசம் ஒங்ககிட்டத்தான எம்பிராய்டரி படிச்சா. அவ போட்ட பூவுதான் அந்தத் திரையில இருக்கு. உள்ள வாங்க, ஒங்க வீட்டுக்காரரும் இங்கனதான் இருக்காரு."

ஹாலில் ஒரு கட்டில். அதில் காசிமாயன் குப்புறப் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், முட்டி போட்டு லூர்துராஜ் உட்கார்ந்திருந்தார். கோவிலில் நடுப்பூசையின்போதுகூட முட்டி வலிக்கிறது என்று பெஞ்சில் சாய்ந்துகொள்ளும் மனுஷர். கையில் அந்த நீலத் தலையணை. அதை முதலாளியின் இடுப்பில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் பதமாக அமுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்கிட்டாண்ணே? இன்னுங் கொஞ்சம் கீழயா? குளிரு போதுமா, இல்ல திருப்பி வைக்கவா?"

"அட ஒரு எடத்துல வையப்பா. நொய் நொய்யின்னுக்கிட்டு."

"சரிண்ணே. சரிண்ணே."

வாசல்படியில் நின்ற ஆனிமேரிக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. இந்தக் கைகளுக்கு ஒத்தடம் கொடுக்கத் தெரியும். எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது திருப்பிப் போட வேண்டும், எல்லாம் தெரியும். எட்டு மாதம் ஒரே கூரைக்குக் கீழே தெரியாததுபோல் இருந்திருக்கின்றன. இப்படி ஒரு ஆளுக்குப் பயந்து, இவருக்குச் சுடுசோறு வடித்துப் போட்டு, இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்து இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறோமே என்று தன் மேலேயே அவளுக்குக் குமட்டியது.

ஒச்சம்மாள் அவள் காதோரம் குனிந்து சொன்னாள். "எம்புட்டுப் பொறுமை பாத்தீங்களா டீச்சர்! ஒங்களுக்கும் எட்டு மாசமா காலையிலயும் சாயங்காலமும் இவருதான் வைக்கிறாராமே? 'எம் பொண்டாட்டிக்கு வச்சு வச்சுக் கை பழகிப்போச்சுக்கா'ன்னு சொன்னாரு. கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எனக்கு வாச்சதும் இருக்கே, ஒருநாள் தைலம் தேய்க்கக் கூப்பிட்டா, லாரி ஆபீசுக்குப் போறேன்னு ஓடிரும்."

பேச்சுக் குரல் கேட்டு லூர்துராஜ் திரும்பினார். மனைவியைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு கண்ணால் கெஞ்சினார். காட்டிக்கொடுத்துவிடாதே, போய்விடு, வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று அந்தக் கண் சொன்னது. இருபத்து நாலு வருடத்தில் அந்தக் கெஞ்சல் ஒருநாளும் அவள் பக்கம் திரும்பியதில்லை. இப்போதும் அது மேனேஜர் நாற்காலிக்காகத்தான்.

அது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனிமேரி சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குக்கூட இவர் தகுதியில்லை என்று நினைத்தாள். நேராக உள்ளே போனாள். கட்டிலுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. என் தம்பி எனக்காக அனுப்புன தலகாணி அது. எனக்குக் கை வராமப் போச்சுன்னா தையல் வேலை போயிரும். டாக்டர் சொன்ன நேரமாச்சு, அதான் நானே வந்துட்டேன்."

காசிமாயன் முக்கி முனகிப் புரண்டு, ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தார். "ஒங்களுக்கு வந்ததா தாயி? எனக்குன்னு சொல்லி பஹ்ரைன்ல இருந்து வரவழைச்சதாவுல்ல இவன் சொன்னான். ஏலே லூர்து?"

லூர்துராஜ் பல்லைக் காட்டினார். அது சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"அது கெடக்கட்டும்ணே" என்றாள் ஆனிமேரி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏங்க, கொண்டாங்க. தினமும் வைக்கிற மாதிரி வையுங்க."

லூர்துராஜ் தலையணையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். முட்டி மளுக்கென்றது. மனைவியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். தலையணையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள், காசிமாயன் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே வைப்பது? முதலாளியின் இடுப்பில் வலி எந்த எலும்புக்குப் பக்கத்தில் என்று அவருக்கு அத்துப்படி. நெற்றியில் வியர்வை பூத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்பப் பழக்கப்பட்ட ஆள்போல, இரண்டு உள்ளங்கையாலும் பதமாக, தலையணையை அவளுடைய இடது தோளில் வைத்தார்.

ஆனிமேரி அசையவில்லை. வலி இல்லாத தோளில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மெல்ல அமுக்கவும் தொடங்கினார்.

ஒச்சம்மாள்தான் முதலில் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். "அந்தக் கையா? வாசல்ல கேட்டத் தெறக்கையிலயே பாத்தேனே. சோத்துக் கைய இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டு அவுக தடுமாறுனத."

லூர்துராஜ் சட்டென்று தலையணையை எடுத்தார். "ஆமா... மாத்தி மாத்தி வைக்கணும்னு டாக்டரு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. ஒச்சம்மாள் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள். கேட்டு வாங்கவில்லை, பிடுங்கித்தான் வாங்கினாள். மிளகாய்க் காரம் படாமல் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையணையை வலது தோளுக்குப் பின்னால் வைத்தாள்.

"இங்கிட்டா டீச்சர்?"

"இன்னும் கொஞ்சம் கீழக்கா. ஆமா. அங்கதான்."

எட்டு மாதமாக இடது கைக்கு எட்டாத அந்த இடத்தில் குளிர் போய்த் தொட்டது. ஆனிமேரி கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது.

"ஐஸு தான வேணும்? சாயங்காலமானா இங்க வந்துருங்க. நான் வச்சு விடுறேன். ஜூனுக்குள்ள கை வந்துரும்" என்றாள் ஒச்சம்மாள். "தலகாணிய ராத்திரிக்கு ஒங்க கையிலேயே கொண்டு போயிருங்க. யாருகிட்டயும் குடுத்து விடாதீங்க." சொல்லிவிட்டு டீச்சரின் ஜாக்கெட்டின் மேல் கொக்கியைத் தளர்த்தி, குளிர் நன்றாகப் படுவதற்காகத் துணியை விலக்கப் போனவள், கையை நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள்.

காசிமாயன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார். படுத்தபடியே சொன்னார். "ஏப்பா லூர்து. பொம்பளைக ஒத்தடம் வைக்கிற எடத்துல வேத்து ஆளு என்ன நின்னுக்கிட்டு. வெளிய போ."

ஆனிமேரி கண்ணைத் திறக்கவில்லை. அவர் என் புருஷன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

"சரிண்ணே" என்றார் லூர்துராஜ். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்றார்.